குடியானவர் எழுப்பிய திராட்சைப் பேராலயங்கள்

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில், மத்தியதரைக் கடலை ஒட்டியுள்ளது கட்டலோனியா. அதன் தென்பகுதியான தாரகோனாவின் சிற்றூர்களில், தாழ்ந்த வீடுகளுக்கு நடுவே, மாதாகோயிலோ என்று ஐயுறும்படி உயர்ந்த செங்கற் கட்டடங்கள் நிற்கின்றன. அவை வழிபாட்டிடங்கள் அல்ல. அவ்வூர்க் குடியானவர்களின் கூட்டுறவுத் திராட்சை மது ஆலைகள். 'மதுவின் பேராலயங்கள்' என்று அவற்றுக்குப் பெயர். அப்பெயரை வழங்கியவர் நாடகாசிரியர் ஆஞ்செல் கிமெரா என்பர். மதுவின் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. சிறு குடியானவர்கள் ஆலைக்கு உடையவர்களான வரலாறே கூட்டுறவாளர் அறியத்தக்கது.

பூச்சி விளைத்த கேடு

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தோட்டங்களைப் பைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தபோது, கட்டலோனிய மதுவுக்கு நல்ல விலை கிடைத்தது. 1879இல் அதே பூச்சி கட்டலோனியாவிலும் புகுந்து, நாளடைவில் தோட்டங்களைப் பாழாக்கியது. அமெரிக்கத் திராட்சையின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே மாற்றாயிற்று. அதற்குப் பணம் வேண்டும். அன்றியும், பலர் 'ரபாசா மோர்தா' என்னும் குத்தகையில் பயிரிட்டவர்கள். நட்ட கொடிகளில் குறித்த பங்கு பட்டுப்போனால் நிலம் உடையவரிடம் திரும்பிவிடும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே பூச்சி கொடியோடு குத்தகை உரிமையையும் அரித்தது.

விளைந்த ஆண்டிலும் இடர் நீங்கவில்லை. பறித்த திராட்சை நெடுநாள் தாங்காது. சாறு பிழிந்து புளிக்க வைக்க இடமில்லாதவன், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும்.

சங்கம் பிறந்தது

பார்பெரா என்னும் சிற்றூரில் 1894இல் வேளாண் தொழிலாளர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1903இல் தமக்கென மது ஆலை கட்டினர். 1906இல் இயற்றப்பட்ட வேளாண் சங்கச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்கு வரிச்சலுகை அளித்தது. எஸ்புளுகா தெ பிரான்கோலியின் பெரிய ஆலை 1913இல் எழுந்தது. 1914இல் அமைந்த மன்கொமுனிதாத் என்னும் மாகாண ஒன்றியமும் இவ்வியக்கத்துக்கு ஆதரவளித்தது. எனினும் ஒற்றுமை எங்கும் எளிதில் வரவில்லை. சில ஊர்களில் நிலமுடையோர்க்கு ஒரு சங்கமும், குத்தகையாளர்க்கு வேறொரு சங்கமுமாக இரண்டு ஆலைகள் எழுந்தன.

சிக்கனம் தந்த அழகு

இவ்வாலைகளுள் புகழ்பெற்றவை பலவற்றை வகுத்தவர் சேசர் மார்ட்டினெல் (1888–1973). கட்டடக் கலைஞர் கௌடியின் வழியில் பயின்றவர். ரோகாபோர்ட், நுல்லெஸ், பால்செட், காந்தேசா, பினெல் தெ பிராய் ஆகிய ஊர்களின் ஆலைகள் அவர் கைவண்ணமே. காந்தேசாவில் மரம் வாங்கப் பணம் போதவில்லை. எனவே மெல்லிய செங்கற்களை அடுக்கிய வளைகூரையையே அமைத்தார். கூரையைத் தாங்கும் உயர்ந்த வளைவுகள் உள்ளே விசாலமான இடம் தந்தன. சாறு புளிக்கும்போது வெப்பமும் கரியமில வாயுவும் எழும். வெப்பம் வெளியேற உயரத்தில் சாளரங்கள் வைத்தார். கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதில் பெரும்பகுதி தொழிலின் தேவையே.

பினெல் ஆலையின் முகப்புக்கென ஓவியர் சேவியர் நோகெஸ் அறுவடைக் காட்சிகளை ஓட்டுச் சித்திரங்களாகத் தீட்டினார். ஆலை எழுந்து பல்லாண்டுகள் அவை பதிக்கப்படாமலே கிடந்து, 1949இல்தான் சுவரேறின. இடையில் 1938இல் எப்ரோ நதிப் போர் அவ்வட்டாரத்தையே சூறையாடியது. சங்கங்கள் அதையும் தாண்டி நின்றன. காந்தேசாவிலும் நுல்லெஸிலும் கூட்டுறவு ஆலைகள் இன்றும் இயங்குகின்றன. எஸ்புளுகா ஆலையில் மது அருங்காட்சியகம் உள்ளது.

நாம் கொள்ளத்தக்கது

அங்கத்தினர் கொணரும் திராட்சையை நிறுத்து, அதன் சர்க்கரைச் சத்தை அளந்து, அதன்படி கணக்கில் வரவு வைப்பது கூட்டுறவு ஆலைகளின் வழக்கம். பலர் விளைவும் ஒரே தொட்டியில் கலந்த பின் இன்னாருடையது எது என்று பிரித்தல் இயலாது. ஆதலின் தராசு நேராயிருந்தால்தான் சங்கம் நிலைக்கும்.

அக்குடியானவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உண்மையில் தேடிக்கொண்டது அவகாசமே. அறுவடை நாளிலேயே விற்றுத் தீர வேண்டியவன் விலை பேச இயலாது. பொறுத்திருக்க இடமும் கணக்கில் நம்பிக்கையும் உடையவனே வியாபாரியோடு சமமாக அமர்ந்து பேசுவான். தறியாயினும் தோட்டமாயினும் இந்நீதி ஒன்றே.