வெயில் ஆகாத குழந்தைகள்

கோடை வெயிலில் இரண்டு மணி நேரம் பந்து விளையாடிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். முகம் சற்றுக் கறுத்திருக்கும், தாகம் எடுக்கும். மற்றபடி உடலுக்கு ஒன்றும் நேரவில்லை என்றுதானே நினைப்பீர்கள்? உண்மை அதுவன்று. வெயில் பட்ட தோலின் செல்களில் டி.என்.ஏ. மூலக்கூறு பல இடங்களில் பழுதடைந்திருக்கிறது. ஓரிரு நாளில் அப்பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டும் விடும். இவ்வளவும் நமக்குத் தெரியாமலேயே நடைபெறுகின்றன.

சரிசெய்யும் வேலை நடைபெறாமல் போனால் என்ன ஆகும்? அதற்கு விடை தந்தது, குழந்தைகளுக்கு வரும் ஓர் அரிய நோய்.

வியன்னா நகரில் தோல் மருத்துவராக இருந்த மோரிட்ஸ் கபோசி 1870-களில் அந்நோயை விவரித்தார். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது அதன் பெயர். 'நிறம் படிந்த வறண்ட தோல்' என்று பொருள். இக்குழந்தைகள் பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே இருப்பார்கள். இரண்டு வயதையொட்டி, வெயில் படும் முகத்திலும் கைகளிலும் புள்ளி புள்ளியாகக் கரும்படை தோன்றும். தக்க பாதுகாப்பு இல்லையெனில் பலருக்குப் பத்து வயதுக்குள்ளேயே தோலில் புற்றுநோய் வந்துவிடுகிறது. இருபது வயதுக்குட்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டால், தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு 10,000 மடங்குக்கும் அதிகம்! ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இதற்குக் காரணம் தெரியவில்லை.

டி.என்.ஏ. முறுக்கிய நூலேணி போன்றது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் படிகளில் அடினினுக்கு எதிரே தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் இணைந்திருக்கும். ஏணியின் ஒரே பக்கத்தில் இரண்டு தைமின்கள் அடுத்தடுத்து வருவதுண்டு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தாக்கும்போது அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. வரிசையில் நிற்கும் இருவர், எதிரே உள்ளவர்களை மறந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அவ்விடத்தில் ஏணி புடைத்துக் கோணலாகிவிடும். செல் பிரியுமுன் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது அங்கே தடங்கலும் பிழையும் நேரும்.

இத்தகைய பழுதை பாக்டீரியாக்கள் வெட்டி எடுத்துவிடுகின்றன என்பது 1964-இல் கண்டறியப்பட்டது. மனிதச் செல்களிலும் இதே வேலை நடக்கிறது. சில புரதங்கள் கோணலான இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. வேறு சில, பழுதுள்ள இழையில் ஏறத்தாழ 30 எழுத்து நீளமுள்ள துண்டை இரு புறமும் நறுக்கி நீக்குகின்றன. எதிர் இழைதான் கெடாமல் இருக்கிறதே! அதைப் பார்த்து இடைவெளி மீண்டும் நிரப்பப்படுகிறது. ஏணிக்கு இரண்டு பக்கம் இருப்பதன் அருமை இங்கேதான் விளங்கும்.

கலிபோர்னியாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவர், இந்நோயைப் பற்றி நாளிதழில் வந்த ஒரு செய்தியைப் படித்தார். இக்குழந்தைகளிடம் பழுது பார்க்கும் திறனே இல்லாதிருக்குமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து, அவற்றின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். கதிரியக்கமுள்ள தைமிடினையும் கொடுத்தார. நல்ல செல்கள் அதை எடுத்து இடைவெளிகளை நிரப்பிக்கொண்டன. நோயாளிகளின் செல்களோ மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டன. 1968-இல் வெளியான இம்முடிவு, பழுது பார்க்கப்படாத டி.என்.ஏ.வுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மனிதரிடமே காட்டியது. எளிய சோதனைதான், ஆனால் கேள்வி சரியான கேள்வி.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும். எழுத்துப் பிழையிலிருந்து புற்றுநோய் எப்படி வருகிறது? ஒரு பிழையால் வருவதில்லை. எந்த ஜீனில் பிழை விழுகிறது என்பதே முக்கியம். பி53 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. பழுதாகிவிட்டால் செல் பிரிவதை இது நிறுத்திவைக்கும். பழுது மிகுந்துவிட்டால் அச்செல்லையே மடியச் செய்யும். இக்காவலனை உண்டாக்கும் ஜீனிலேயே பிழை விழுந்தால்? பழுதோடு செல்கள் பிரிகின்றன. பிழையிலிருந்து பிழை பிறக்கிறது. குரோமோசோம்கள் முறிகின்றன, எண்ணிக்கை மாறுகின்றன. இந்த நிலைகுலைவில், கட்டுப்பாடின்றிப் பெருகும் செல் ஒன்று தோன்ற வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 ஜீன் கெட்டிருக்கிறது.

இதில் வெயிலுக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சான்றும் கிடைத்தது. அடுத்தடுத்துள்ள இரண்டு சைட்டோசின்கள் இரண்டு தைமின்களாக மாறுவது புற ஊதாக் கதிருக்கே உரிய கைரேகை. தோல் புற்றுநோய்க் கட்டிகளின் பி53 ஜீனில் இந்தக் கைரேகையை டக்ளஸ் பிராஷும் அவருடைய குழுவினரும் 1991-இல் கண்டனர்.

1972-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடந்த சோதனை இன்னும் சுவையானது. வெவ்வேறு நோயாளிகளின் செல்களை ஒன்றாக இணைத்தார்கள். இரண்டும் பழுது பார்க்கத் தெரியாத செல்கள்தாம். இணைந்ததும் வேலை நடந்தது! ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொடுத்துவிட்டது. அப்படியானால் குறை ஒரே ஜீனில் இல்லை. இன்று இந்நோயில் எட்டு வகைகள் அறியப்பட்டுள்ளன.

குறையுள்ள ஜீன் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் தோன்றும். பெற்றோருக்கு ஒரு குறையும் தெரியாது. நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்வோரின் குழந்தைகளுக்கு இந்நோயின் வாய்ப்புக் கூடுவது இதனால்தான். நம் நாட்டிலும் இந்நோயாளிகள் உண்டு. கறுத்த தோலின் மெலனின் நல்ல குடைதான்; என்றாலும் இவர்களுக்கு அது போதாது.

அடிப்படைக் குறையை நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் கதிரைத் தடுக்கலாம். உடல் முழுதும் மறைக்கும் ஆடை, கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்குக் களிம்பு என்று பகல் முழுதும் காக்க வேண்டும். சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும். எனவே அதன்மேல் தடுப்புத் தாள் ஒட்ட வேண்டும். வெயில் படாததால் குறையும் வைட்டமின் டி-யை மருந்தாகக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறையாவது தோலை மருத்துவரிடம் காட்டி, கட்டி சிறிதாயிருக்கும்போதே அகற்றிவிட வேண்டும். இவர்களில் பலருக்கு விளையாடும் நேரம் தொடங்குவது, நீங்கள் பந்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகுதான்.