நம்ம ரவுட்டரை மாட்டலாமா?



திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டத்தில் இருக்கிற ஊர் கணியூர். அங்கே ஒரு வீட்டில் போன மாதம்தான் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்காரர்கள் மாட்டிய வெள்ளைப் பெட்டி முன் வாசல் ஓரம் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கிற அக்காவின் அறையோ பின்கட்டில். நடுவே இரண்டு தடிச்சுவர். வை-ஃபை அங்கே போய்ச் சேரவே இல்லை.

லைன் பார்க்க வந்த அண்ணனிடம், அந்த வீட்டுப் பையன் ஒரு அட்டைப் பெட்டியை நீட்டுகிறான்.

"அண்ணா, இது எங்க மாமா குடுத்த ரவுட்டருங்க. இதை மாட்டிக்கலாமுங்களா?"

"அதெல்லாம் ஆகாது கண்ணு. எங்க பெட்டி இருந்தாத்தான் லைன் வரும்!"

பையன் முகம் வாடிவிட்டது. ஆனால், அந்த அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. எந்தப் பாதி என்று பார்க்கலாமா?

முதலில் அந்த ஒயரைக் கவனியுங்கள். அதற்குள் இருப்பது செம்புக் கம்பி அல்ல, கண்ணாடி இழை. அதன் தடிமன் 0.125 மில்லி மீட்டர். அதன் நடுவே, வெளிச்சம் ஓடுகிற பாதை மட்டும் 0.009 மில்லி மீட்டர்தான். திருப்பூர் பனியன் நூலை இதன் பக்கத்தில் வைத்தால், நூல் தாம்புக்கயிறு போலத் தெரியும்! கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு நொடியில் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். நேர்கோட்டில் இழை போட்டால், சென்னையிலிருந்து கணியூருக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய 500-ல் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும்.

வளைந்த கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பிக் காட்டியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டுக்காரர், பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. 1950-களில் லண்டனில் அந்த ஆராய்ச்சியைச் செய்தார். கண்ணாடியைச் சுத்தமாக்கினால் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் எழுதிய சார்லஸ் காவ், 2009-ல் நோபல் பரிசு பெற்றார். (கபானிக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு இன்னும் வருத்தம்தான்.)

சரி, பெட்டிக்கு வருவோம். அது பார்க்க ஒரே பெட்டி. ஆனால், உள்ளே இரண்டு வேலை நடக்கிறது.

முதல் வேலை, வெளிச்சமாக வரும் செய்தியை மின்சாரச் செய்தியாக மாற்றுவது. இதைச் செய்கிற பகுதிக்கு ஓ.என்.டி. என்று பெயர். கம்பெனியிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு இழை முழுதும் வருவதில்லை. ஒரே இழை வழியில் பிரிந்து 32 வீடுகளுக்கோ, 64 வீடுகளுக்கோ போகும். பிரித்துவிடுகிற அந்தச் சின்னக் கருவிக்குக் கரன்ட்டே வேண்டாம். வெளிச்சத்தைப் பங்கு போடுவதோடு சரி. அதனால், எல்லா வீட்டுச் செய்தியும் எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஒரே லாரியில் 32 கடைகளுக்கான பனியன் பார்சல் வருகிறது; ஒவ்வொரு கடைக்காரரும் தன் பெயர் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார் அல்லவா? அதே மாதிரி, ஒவ்வொரு ஓ.என்.டி.யும் தன் வீட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்க்க முடியாதபடி பூட்டு வேறு உண்டு. திரும்ப அனுப்பும்போது, 'இப்போது உன் முறை' என்று கம்பெனி சொல்கிற நேரத்தில் மட்டும்தான் அனுப்ப வேண்டும். ஒரு வீடு முறை தவறினால், தெருவில் எல்லாருக்கும் குழப்பம்!

அதனால்தான் ஒவ்வொரு ஓ.என்.டி.யின் எண்ணையும் கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கிறது. எதையோ வாங்கி வந்து செருகினால் வேலை செய்யாது. லைன் அண்ணன் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

இரண்டாவது வேலை, வந்த இன்டர்நெட்டை வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர், டி.வி. எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது. இதுதான் ரவுட்டர் வேலை. இந்த வேலைக்குப் பெரும்பாலும் உங்கள் சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்ளலாம். ஓ.என்.டி.யில் 'லேன்' என்று எழுதிய ஓட்டை இருக்கும். ரவுட்டரில் 'வேன்' என்று எழுதிய ஓட்டை இருக்கும். இரண்டையும் ஒரு லேன் கேபிளால் இணைக்க வேண்டும். கேபிள் நீளமாக இருந்தால், ரவுட்டரைப் பின்கட்டு அறைக்கே கொண்டுபோய்விடலாம். வெளிச்சம் முன் வாசலில் இறங்கும், வை-ஃபை அக்கா மேஜையில் கிடைக்கும்!

பழைய ரவுட்டர் என்றால் ஒரு எச்சரிக்கை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது, இன்டர்நெட் டெலிபோன் ஒயர் வழியாக வந்தது. 256 கே.பி.பி.எஸ். வேகம் இருந்தாலே அன்றைக்குப் பிராட்பேண்ட்தான். அந்தக் காலத்துப் பெட்டி பலவற்றில் டெலிபோன் ஒயர் செருகும் குறுகிய ஓட்டை இருக்கும். 'வேன்' ஓட்டை இருக்காது. மாமா கொடுத்தது அப்படிப்பட்டது என்றால், அதைச் சட்டென்று இங்கே மாட்ட முடியாது. ஆகவே, கடையில் புதிது வாங்கினாலும், பழையதை எடுத்தாலும், முதலில் அதன் முதுகைப் பாருங்கள்.

இணைப்பதில் இரண்டு வழி உண்டு. கம்பெனிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டுவது சுலபமான வழி. பாடம் படிக்க, வீடியோ பார்க்க இது போதும். சில ஆன்லைன் விளையாட்டுகள் மட்டும் இரண்டு ரவுட்டரைத் தாண்டத் தகராறு செய்யும். அப்போது கம்பெனிப் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பிறகு அது வெளிச்சத்தை மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும். பல இணைப்புகளில் கம்பெனி தரும் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும்.

இதைக் கேட்டால் எல்லாக் கம்பெனியும் உடனே தலையாட்டும் என்று நினைக்காதீர்கள். சிலர் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். ஜெர்மனியில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பெட்டியை மாட்டுவது என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்யலாம். தேவையான விவரத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். நம் ஊரிலோ, இணைப்பு வாங்கும் முன்பே அப்பாவையோ அம்மாவையோ கேட்கச் சொல்லுங்கள்: "சொந்த ரவுட்டர் மாட்டினா பாஸ்வேர்டு குடுப்பீங்களா?" பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்!

லேண்ட்லைன் போனும் ஓ.என்.டி.யிலேயே செருகியிருந்தால், அதை அங்கிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ரவுட்டரில் அதற்கு இடம் இருக்காது. அடாப்டர்களையும் மாற்றி மாட்டக்கூடாது. முனை ஒரே மாதிரி இருக்கும். ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட் என்று இருக்கலாம்.

இழையின் முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கவே கூடாது. வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குத்தான் கேடு. இழையை மடக்கிக் கட்டவும் வேண்டாம். அதிகம் வளைந்தால் வெளிச்சம் வெளியே கசிந்து, 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னும்.

கம்பெனிப் பெட்டியில் ஊசி முனை அளவு ஓட்டைக்குள் 'ரீசெட்' பட்டன் ஒன்று இருக்கும். நான் ஒருமுறை குண்டூசியால் அதை அமுக்கிவிட்டு, இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்; வீட்டில் வாங்கிய திட்டு தனி. யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோயிருந்தது. அவற்றை எழுதிவைத்த சீட்டு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்தச் சீட்டு, ரேஷன் கார்டும் கரன்ட் பில் அட்டையும் இருக்கிற பையில் இருக்கிறது.