மனோராவுக்குக் காசு கொடுத்தது யார்?

அதிராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்குப் பெருநாளுக்கு மறுநாள் போக ஓர் இடம் உண்டு என்றால் அது மனோராதான். ராஜாமடம், மல்லிப்பட்டினம் தாண்டி, சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. அறுகோணம், எட்டு நிலை, ஏறக்குறைய 75 அடி உயரம். சின்ன வயதில் அதைக் கலங்கரை விளக்கம் என்றே நினைத்திருந்தேன். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட 1814-இல் இரண்டாம் சரபோஜி எழுப்பியது என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. பாரிசில் ஒருவன் முடி இழக்க, மல்லிப்பட்டினத்து மீனவர் கரையில் கோபுரம்!

பெயர் மட்டும் நம்முடையது. எங்கள் பள்ளிவாசல் மினாராவின் உறவுச் சொல் அது. நாகூர் தர்காவின் பெரிய மனாராவைக் கட்டிக் கொடுத்ததும் இதே தஞ்சை மராத்தியக் குடும்பத்தின் பிரதாப்சிங்தான். ஆகவே, உயர்ந்து நிற்கும் எதையும் மனோரா என்று அழைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல.

காசு எங்கிருந்து வந்தது? 1799 உடன்படிக்கையில் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ஒரு வருமானமும்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், அதோடு தஞ்சைச் சீமையின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. சீமையின் வருவாய் என்றால் வேறென்ன, நெல்தான். பட்டுக்கோட்டையிலும் பாபநாசத்திலும் குனிந்து நட்டவர்கள் கட்டிய வரியில் ஒரு துளி, கடலோரத்தில் எட்டு நிலையாக நின்றது. அவர்களை யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரனை மகிழ்விக்கிற கோபுரத்துக்குப் பதில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கலாம் என்று சொல்ல அவர்களுக்கு மன்றமும் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நேர்மை இருந்தது. யார் கட்டினார், எதற்காகக் கட்டினார் என்பதைக் கல்லில் பல மொழிகளில் வெட்டி வைத்தார்கள். இந்த வழக்கத்தின் உச்சம், அதற்கும் வெகுகாலம் முந்தைய தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜன் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், மனைவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுத்தார்கள். செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழமும் விரலுமாக அளந்து எழுதினார்கள். கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே உண்டு. விளக்கு எரிய, ஆடல் நடக்க, காவல் நிற்க எந்த ஊர் நிலத்திலிருந்து நெல் வரும் என்பதும் எழுதப்பட்டது. கட்டுவதற்கு ஒரு செலவு, காப்பதற்கு இன்னொரு செலவு என்று பிரித்துப் பார்த்த கணக்கு அது. மராத்தியர் சத்திரங்களுக்கு எழுதிவைத்த நிலமும், எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கு வக்ஃபு எழுதிய கடை வாடகையும் அதே வழிதான்.

இன்றைக்கு வருவோம். 2021-இல் பேரூராட்சியாக இருந்த அதிராம்பட்டினத்தை நகராட்சியாக்கும் அறிவிப்பு வந்தது. நகராட்சி வரவு செலவுப் பட்டியலில் சாலை இருக்கும், வடிகால் இருக்கும், தெருவிளக்கு இருக்கும். கலை என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டின் சிறு நகராட்சிகளில் ஓவியம் சுவருக்கு வருவது பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான்: தூய்மைப் பிரசாரத்துக்கு வந்த பணம், சுவரொட்டி ஒட்டாமல் தடுக்க ஒதுக்கிய பணம், அழகுபடுத்தும் பணி என்ற பொதுப் பெயரில் விட்ட ஒப்பந்தம். கணக்கு சதுர அடியில். ஒப்பந்தக்காரர் விலை குறைத்துக் கேட்பார், அவரிடம் தினக்கூலிக்கு வந்த ஓவியர் இரண்டு குப்பைத் தொட்டியும் ஒரு மரமும் சிரிக்கிற குழந்தையும் வரைந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். அவர் பெயர் எங்கும் இருக்காது. மூன்று வடகிழக்குப் பருவமழையும் உப்புக் காற்றும் போதும், சுவர் உரிந்துவிடும். பராமரிப்புக்கு யாரும் நெல் எழுதி வைக்கவில்லை.

சிலை என்றால் கதையே வேறு. அதற்குப் பணம் எப்போதும் கிடைக்கும், இடம்தான் கிடைக்காது. ராஜராஜன் சிலையையே பெரிய கோயிலுக்குள் வைக்க 1972-இல் முடியவில்லை. மத்தியத் தொல்லியல் துறை மறுத்ததால் கட்டியவனே கோயிலுக்கு வெளியே நிற்கிறான். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே நிற்கிற தலைவர்களில் பலர் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறார்கள். கூண்டுக்குள் வைத்துக் காக்க வேண்டிய கலையைப் பொதுக்கலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொதுக்கலைக்குக் காசு வர வேறு நாட்டு நகரங்கள் ஒரு விதி கண்டுபிடித்தன: கட்டுமானச் செலவில் ஒரு பங்கு கலைக்கு. பிலடெல்பியா 1959-இல் தொடங்கி வைத்தது. சான் பிரான்சிஸ்கோ 1969-இல் நகரக் கட்டுமானச் செலவில் 2 விழுக்காடு என்றும், சியாட்டில் 1973-இல் 1 விழுக்காடு என்றும் சட்டம் இயற்றின. ஒரு கோடியில் பேருந்து நிலையம் கட்டினால் ஒரு லட்சம் கலைக்கு, அவ்வளவுதான். பணத்தைவிட முக்கியம் அதைச் செலவிடுகிற முறை. அங்கே ஓர் ஆணையம் அறிவிப்பு விடுகிறது, கலைஞர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த குழு வரைவுகளைப் பார்க்கிறது, கூட்டம் திறந்த கதவோடு நடக்கிறது. சண்டையும் வரும். வரட்டுமே, சரபோஜி காலத்தில் சண்டை போடவே வழியில்லையே! டெல்லிக்கும் 1973-இல் நாடாளுமன்றம் ஒரு நகர்ப்புறக் கலை ஆணையச் சட்டம் தந்தது. சென்னையில் 2020-இல் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் எழுந்தன. மாநகராட்சி சுவரைக் கொடுத்தது, ஏசியன் பெயின்ட்ஸ் துணை நின்றது, ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை ஓவியர்களை அழைத்து வந்தது. நல்ல வேலை. ஆனால் சாயக் கம்பெனிக்கு மனம் வந்தால்தான் சுவருக்கு நிறம் வரும் என்பது மன்னரின் மனத்துக்குக் காத்திருந்ததற்கு ரொம்பத் தூரமில்லை.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே பெரும்பாலோர் உருவச் சிலைக்குப் பழகியவர்கள் அல்லர். அதனால் யாருக்குச் சிலை, எந்தத் தலைவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற வழக்கமான தகராறு பாதி குறைந்துவிடும். எழுத்தணி இருக்கிறது, மினாராக்களின் கோடும் வளைவும் இருக்கின்றன, உப்பளப் பாத்திகள் இருக்கின்றன, அலையாத்தி வேர்கள் இருக்கின்றன. பாக் விரிகுடாவின் கடற்பசுவுக்கு 2022-இல் அரசே காப்பகம் அறிவித்திருக்கிறது. வரைய ஆள் வேண்டும், இடம் வேண்டும், கேட்கிற குழு வேண்டும். கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

நகராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழுக்காடும் ஆணையமும் மெதுவாக வரட்டும். அடுத்த முறை சுவருக்கு ஒப்பந்தம் விடும்போது, வரைந்தவர் பெயரையும் ஆன செலவையும் அந்தச் சுவரின் மூலையிலேயே எழுதச் சொல்லுங்கள். அரைச் சதுர அடி போதும்.