ரயிலில் என்ன நடந்துவிடும்?

மனநலம் பற்றிப் பேசும் நாள்களில் எங்கள் நிலையத்திற்கு நேயர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் ‘பதற்றம்’ என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு பயங்கள் ஒளிந்திருக்கின்றன.

காலை நேரப் பெருவிரைவு ரயிலில் ஏற இருவர் மறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ‘ஏறினால் என்ன நடந்துவிடும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

“மூச்சு முட்டி, மாரடைப்பு வந்து செத்துவிடுவேன்” என்பார் ஒருவர். இது பீதிக் கோளாறாக இருக்கலாம். சாதாரணப் படபடப்பை ஆபத்து என்று எண்ணுவதால் பயம் கூடுகிறது. பயம் கூடுவதால் படபடப்பும் கூடுகிறது. இந்தச் சுழற்சியை 1986ல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். இதயப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் சிலர் மறுபடி அவசரப் பிரிவுக்கு ஓடுவது இதனால்தான்.

மற்றவர் பயப்படுவது எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்களுக்கு. ‘வியர்ப்பதைப் பார்த்து என்னைக் கேவலமாக நினைப்பார்கள்.’ இது சமூகப் பதற்றம். பெட்டி காலியாக இருந்தால் இவர் நிம்மதியாக ஏறிவிடுவார். முதலாமவருக்கோ காலிப் பெட்டி இன்னும் மோசம்; விழுந்தால் தூக்க ஆள் இல்லையே!

மூன்றாவதாக ஒருவர் ரயிலில் ஏறிவிடுவார். ஆனால் வழியெல்லாம் ‘அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேலை போய்விட்டால்?’ என்று ஒன்றுவிட்டு ஒன்று கவலை. பெரும்பாலான நாள்களில், ஆறு மாதமாவது இது நீடித்தால் பொதுப் பதற்றக் கோளாறா என்று மருத்துவர் ஆராய்வார். நிச்சயமில்லாத எதையும் இவரால் தாங்க முடிவதில்லை.

நம் வீடுகளில் மூவருக்கும் கிடைப்பது ஒரே மருந்து: “ஒண்ணுமில்ல, பயப்படாதே!” சிகிச்சை அப்படி இல்லை. பீதி உள்ளவரை உளவியலாளர் வேண்டுமென்றே படியேற வைத்துப் படபடப்பை வரவழைப்பார். அதனால் உயிர் போகாது என்று அவரே பட்டறிய வேண்டும். சமூகப் பதற்றம் உள்ளவருக்குத் தனியாகப் படியேறி என்ன பயன்? அவர் நாலு பேர் முன்னால் பேசிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பயங்களும் சேர்ந்திருக்கலாம். இதயம், தைராய்டு கோளாறுகளும் படபடப்பு தரும் என்பதால் முதலில் பலதுறை மருந்தகத்திற்குப் போங்கள். மருத்துவரிடம் ‘பதற்றமாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்தாமல், என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.