வடிகட்டியில் தங்கிப்போன வைரஸ்கள்

‘கடலில் 230 புதிய ராட்சத வைரஸ்கள்’ என்ற செய்தி வந்தபின் வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்: அடுத்த கொரோனாவா? விளக்கிவிடுகிறேன்.

மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஏப்ரலில் சொன்ன எண் அது. இவ்வளவு பெரிய வைரஸ்கள் இத்தனை காலம் எங்கே இருந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாமேதான் வடிகட்டிக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

பாக்டீரியாவை நிறுத்திவிடும் பீங்கான் வடிகட்டியையும் தாண்டி வந்து நோய் பரப்பியதற்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த வரையறையே ஆய்வகப் பழக்கமாகிவிட்டது. கடல்நீரை 0.2 மைக்ரான் துளை வழியே வடிப்பார்கள். கீழே இறங்கினால் வைரஸ், மேலே நின்றால் பாக்டீரியா. மிமிவைரஸின் கூடு மட்டுமே சுமார் 0.5 மைக்ரான், பண்டோராவைரஸ் 1 மைக்ரான் வரை. சல்லடையில் நின்ற கப்பியை ஒதுக்கிவிட்டு, விழுந்த மாவை மட்டும் அளந்து கணக்கெழுதிய கதைதான்.

1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நிமோனியாவுக்குக் காரணம் தேடி, குளிர்விப்புக் கோபுரத் தண்ணீரைச் சோதித்தார்கள். அமீபாவுக்குள் உருண்டையாக ஒன்று இருந்தது. பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் கிராம் சாயம் ஏற்றியதும் ஊதாவானது. பாக்டீரியா என்று எழுதிவைத்தார்கள். அது வைரஸ், மேலே சொன்ன மிமிவைரஸ்தான், என்று தெரிய 2003 ஆயிற்று. கொரோனாவின் மரபணுத்தொகுதி 30,000 எழுத்து என்றால், இதற்கு 12 லட்சம். சிலி கடலோரத்தில் கிடைத்து 2013இல் அறிவிக்கப்பட்ட பண்டோராவைரஸுக்கு ஏறக்குறைய 25 லட்சம்.

230 என்பதையும் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கடல்நீரிலிருந்த டிஎன்ஏ துண்டுகளைக் கணினி கோத்துக் காட்டியவை அவை, குடுவையில் வளர்த்தவை அல்ல. ஒளிச்சேர்க்கை தொடர்பான 9 புரதங்களுக்கான மரபணுக்களும் அவற்றில் தென்பட்டிருக்கின்றன. பாசியைத் தாக்கும் வைரஸுக்கு அவை எதற்கு? அருமையான கேள்வி. ஆனால் இந்த வைரஸ்களை வைத்து நச்சுப் பாசிப் பெருக்கத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இப்போதைக்கு நம்பிக்கை மட்டுமே.

மற்ற கேள்விகள்:

மனிதரைத் தாக்குமா? இவற்றின் இரை பாசியும் அமீபா போன்ற ஒருசெல் உயிர்களும்தான். மனிதருக்கு நோய் தருவதாக நிரூபணம் இல்லை.

கோவையில்தான் கடலே இல்லையே? கடல் தேவையில்லை. மும்பை ஐஐடியின் கிரண் கொண்டபாகில் குழு அந்நகரின் சாக்கடை, ஏரி, மாநகராட்சிக் குடிநீர் என எல்லாவற்றிலும் இவற்றின் தடயத்தைக் கண்டு 2019இல் வெளியிட்டது.

கோவைக்கு வரும் சிறுவாணிக் குடிநீரில்? இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

உக்கடம் பெரியகுளத்துப் பச்சையை இவற்றை விட்டு அழிக்கலாமா? முடியாது. பெரும்பாலும் ஒவ்வொரு வைரஸும் தனக்கென்று உள்ள இரையைத்தான் தாக்கும். குளத்தில் சாக்கடை கலப்பதை நிறுத்துவதுதான் வழி.