தாளம் உலகமெங்கும் ஒலித்தது. போட்டவர் பெயர் மட்டும் மறைவு! கார் நகரத்து வாலிபரின் கதை

1994-ம் ஆண்டு கோடை காலம். அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நடக்கும் 'லொல்லபலூசா' என்ற பெரிய இசை விழா. அதில் பாட வந்த பிரபல பாடகர் ஒருவர் கையில் ஒரு கேசட் வந்து சேர்ந்தது. பாடகர் பெயர் கியூ-டிப். கேசட் டெட்ராய்ட் நகரத்து வாலிபர் ஒருவருடையது. வயது 20. வெளியூரில் யாருக்கும் அவரைத் தெரியாது.

பஸ்சில் போகும்போது கியூ-டிப் அதைப் போட்டுக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்த பாடகர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அந்த வாலிபரின் தலைவிதி அன்றோடு மாறியது.

அவர் பெயர் ஜேம்ஸ் யான்சி. "ஜே டீ" என்றும் "ஜே டில்லா" என்றும் சொன்னால்தான் இசை உலகத்துக்குத் தெரியும். 'ஹிப்-ஹாப்' இசையில் தாளம் போட்டவர். பாட்டை ராகம் போட்டுப் பாடாமல், தாளத்தின் மேல் பேச்சாக அடுக்கிக்கொண்டே போவார்களே, அதுதான் ஹிப்-ஹாப். பேசுகிறவருக்குக் கைதட்டல். பின்னால் இருக்கும் தாளத்தைச் செய்தவரை யாரும் பார்ப்பதில்லை.

பாட்டுக் குடும்பம்

டெட்ராய்ட், மோட்டார் கார் செய்யும் ஊர். 1950-ல் அங்கே 18 லட்சம் பேர் இருந்தார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூட, ஜனங்களும் கிளம்பிப் போனார்கள். 2010 கணக்குப்படி மிச்சம் 7 லட்சம்தான். கார் கம்பெனியில் வேலை பார்த்த பெர்ரி கார்டி 1959-ல் அங்கே ஆரம்பித்த 'மோடவுன்' இசைத்தட்டு கம்பெனி உலகப் புகழ் பெற்றது. 1972-ல் அதுவும் லாஸ் ஏஞ்சல்சுக்கு மூட்டை கட்டியது. இரண்டு வருஷம் கழித்து, 1974 பிப்ரவரி 7-ந்தேதி ஜேம்ஸ் பிறந்தார்.

தகப்பனார் ஜாஸ் இசையில் பேஸ் வாத்தியம் வாசிப்பவர். தாயார் மொரீன் ஓபரா பாட்டு பயின்றவர். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பையனுக்கு இரண்டு வயதாகும்போதே இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம் பிடித்துவிட்டது என்று தாயார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். செல்லோ வாத்தியமும் கற்றுக்கொண்டான்.

வீடு இருந்தது கோனன்ட் கார்டன்ஸ் என்ற பகுதியில். பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது டி-3, பாட்டின் என்ற இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். மூவரும் கூடி 'ஸ்லம் வில்லேஜ்' என்று குழு அமைத்தார்கள். பாட்டு சரி, தாளத்துக்கு எங்கே போவது? ஸ்டூடியோவுக்குக் காசு வேண்டுமே!

டேப் ரிகார்டர்தான் ஸ்டூடியோ. ரேடியோ பாட்டை டேப்பில் பிடித்தவர்களுக்குத் தெரியும், 'பாஸ்' பட்டனை எந்த நொடியில் அமுக்குகிறோம் என்பதுதான் வித்தை. ஜேம்ஸ் ஒரு பாட்டில் மேளம் மட்டும் வரும் இரண்டு மூன்று விநாடியைப் பிடிப்பார். பாஸ். திரும்ப அதே இடம். மறுபடி பாஸ். இப்படியே ஒட்டி ஒட்டி முழு நீளத் தாளம் ஆக்கிவிடுவார். விரல் ஒரு இமைப்பொழுது பிந்தினால் எல்லாம் பாழ்.

பக்கத்து வீட்டு வாத்தியார்

அதே பகுதியில் ஆம்ப் பிட்லர் என்ற கீபோர்டு கலைஞர் இருந்தார். பார்லிமென்ட்-பங்கடெலிக் என்ற பெரிய குழுவில் வாசித்தவர். 1992-ல் ஜேம்ஸ் அவரிடம் போய்ச் சேர்ந்தார். பிட்லரிடம் 'எம்.பி.சி.' என்ற மெஷின் இருந்தது. 16 ரப்பர் கட்டைகள். எந்தச் சத்தத்தையும் உள்ளே ஏற்றி, துண்டு போட்டு, விரலால் தட்டி வாசிக்கலாம். விலை அதிகமான சாமான். அதை நம்பிப் பையன் கையில் விட்டார் பாருங்கள், அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்! வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டார். பையன் காதாலேயே படித்தான்.

அந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. விரல் முன்னே பின்னே போனாலும் தட்டியதை நேராக நிறுத்திவிடும். ஜேம்சுக்கு அது பிடிக்கவில்லை. மேளம் கொஞ்சம் முந்தும், கைதட்டல் கொஞ்சம் பிந்தும். அப்படியே வைத்தார், வேண்டுமென்றே நகர்த்தியும் வைத்தார். முதலில் கேட்டவர்கள் தப்பு என்றே நினைத்தார்கள். பிறகு பெரிய பெரிய டிரம்ஸ் கலைஞர்கள் அந்தத் 'தப்பை' வாசிக்கப் பழகினார்கள்.

இது திருட்டா?

அடுத்தவன் இசைத்தட்டில் துண்டு எடுப்பது திருட்டு இல்லையா என்று கேட்கலாம். போலீஸ் செய்தி எழுதுகிற எனக்கும் அதே கேள்விதான் வந்தது. 1991-ல் நியூயார்க் கோர்ட்டு ஒன்று, அனுமதி இல்லாமல் எடுப்பது திருட்டுதான் என்று பைபிள் கட்டளையைக் காட்டியே தீர்ப்புச் சொன்னது. அது முதல், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் எடுத்ததையும் சும்மா எடுத்தார் என்று சொல்ல முடியாது. பொடிப்பொடியாக நறுக்கி, வரிசை மாற்றி, வேறு பாட்டாக்கினார். 1963-ல் ஸ்டான் கெட்சும் லூயிஸ் போன்பாவும் வாசித்த ஒரு ஜாஸ் இசைத்தட்டு. அதிலிருந்து எடுத்த துண்டில்தான் 'தி பார்சைட்' குழுவுக்கு 1995-ல் 'ரன்னின்' பாட்டைச் செய்தார். பாட்டு பிரமாதமாக ஓடியது. தகப்பனார் வீட்டில் போட்ட ஜாஸ் வீண் போகவில்லை.

பெயர் எங்கே?

அடுத்த வருஷமே டி லா சோல் குழுவுக்கு ஒரு பாட்டு. பிறகு கியூ-டிப்பின் சொந்தக் குழுவான 'ஏ டிரைப் கால்டு குவெஸ்ட்'டுக்கும் வேலை. அங்கேதான் சிக்கல். கியூ-டிப், ஜேம்ஸ் முதலானவர்கள் செய்ததெல்லாம் 'உம்மா' என்ற கூட்டுப் பெயரில் வந்தது. (கன்னத்தில் கொடுக்கும் உம்மா அல்ல, அரபியில் சமூகம் என்று அர்த்தம்.) எந்தத் தாளம் யாருடையது என்று வாங்கினவனுக்குத் தெரியாது. வாசித்தது டெட்ராய்ட் பையன் என்பது சக கலைஞர்களுக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் 'ஸ்லம் வில்லேஜ்' வீட்டிலேயே பதிவு செய்த முதல் தொகுப்பு, கம்பெனி போடுவதற்கு முன்பே கள்ள கேசட்டாகக் கை மாறிப் பரவியது. ஜேம்சுக்கு ஊர் ஊராக ரசிகர்கள் கிடைத்தார்கள். காசு வந்ததா? அந்தக் கேசட்டில் வரவில்லை.

"ஜே டீ" என்ற பெயரிலும் குழப்பம். ஜெர்மைன் டூப்ரி என்ற இன்னொரு பிரபலத்தையும் ஜே.டி. என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் நம்மவர்தான் "ஜே டில்லா" என்று மாற்றிக்கொண்டார். இத்தனைக்கும் 2000-ல் காமன் என்ற பாடகருக்கு அவர் செய்த 'தி லைட்' கிராமி பரிசுப் பட்டியல் வரை போயிருந்தது.

பிறகு ரத்த வியாதி வந்து படுத்தியது. 2006 பிப்ரவரி 7-ந்தேதி, 32-வது பிறந்தநாளில், 'டோனட்ஸ்' தொகுப்பு வெளிவந்தது. பேச்சு இல்லாத, முழுக்க முழுக்க அவர் தாளம். மூன்றாம் நாள் லாஸ் ஏஞ்சல்சில் இறந்துபோனார்.

2014-ல் தாயார் மொரீன், மகனின் எம்.பி.சி. மெஷினை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தெருவுக்குப் பெயர் வைப்பது நகராட்சி சமாசாரம், அது நம்ம இலாகா என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சு நாட்டில் மோன்பெலியே நகரத்தில் ஒரு சந்துக்கு "ஜே டீ" பெயரை வைத்திருக்கிறார்கள். போர்டில் எழுத்து எழுத்தாக இருக்கிறது.