ஓவியத்தை வரைந்தது மனிதரா, கணினியா?

டெப்லட்டில் வரைந்த படத்தைக் காட்டினால், "இது கணினி செய்ததுதானே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்துக்கு வயது அறுபது.

1965 ஏப்ரலில் நியூயோர்க்கின் ஹோவர்ட் வைஸ் கலைக்கூடத்தில் கணினிப் படங்களின் கண்காட்சி நடந்தது. பங்கேற்ற இருவரும் ஓவியர்கள் அல்லர், பெல் ஆய்வுகூடத்தின் ஆய்வாளர்கள். அவர்களில் ஒருவரான மைக்கல் நொல், நூறு புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த தனது படத்துக்குப் பதிப்புரிமை கோரி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விண்ணப்பித்தார். இயந்திரம் ஆக்கியதைப் பதிய முடியாது என்று பதில் வந்தது. நிரலை எழுதியது மனிதர்தான் என்று விளக்கினார். அப்படியென்றாலும் புள்ளிகள் எழுந்தமானமாக விழுகின்றனவே என்றார்கள். அந்த எழுந்தமான எண்களைத் தருவதும் திட்டமான ஒரு கணக்குத்தான் என்று மறுபடியும் விளக்கிய பின்னரே பதிவு கிடைத்தது.

அவரது அடுத்த சோதனை இன்னும் சுவையானது. சிறு கிடைக்கோடுகளும் நிலைக்குத்துக் கோடுகளும் கொண்ட, மொண்ட்ரியனின் 1917ஆம் ஆண்டு ஓவியத்தைப் போன்ற ஒன்றைக் கணினியில் ஆக்கி, இரண்டின் பிரதிகளையும் 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படமே பிடித்தது. எது கணினியுடையது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். மொண்ட்ரியனின் ஒழுங்கே பலருக்கு இயந்திர வேலையாகத் தெரிந்திருக்கிறது!

அதன்பின் கலையுலகம் மெல்ல இறங்கிவந்தது. டேவிட் ஹொக்னி ஐபேட்டில் வரைந்தார். 2021இல் பீப்பிளின் டிஜிட்டல் படமொன்று கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6 கோடியே 93 இலட்சம் டொலருக்குப் போனது. ஏல விலையை அங்கீகாரம் என்று கொள்ள எனக்கு மனமில்லை.

இப்போது பழைய கேள்வி திரும்பியிருக்கிறது. 2022இல் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் ஜேசன் அலனின் படம் பரிசு பெற்றது. அதை மிட்ஜேர்னி மென்பொருளுக்குக் குறைந்தது 624 தடவை கட்டளையிட்டுப் பெற்றதாக அவர் கூறினார். மென்பொருள் உருவாக்கிய பகுதிக்கு உரிமை கோராமல் விட அவர் மறுத்ததால், 2023இல் பதிப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நொல்லைக் காப்பாற்றிய வாதம் இங்கு எடுபடவில்லை. கோடு எங்கே போக வேண்டும் என்ற விதியை எழுதியவர் நொல். அலன் கேட்டார், வரைந்த விதத்தைத் தீர்மானித்தது மென்பொருள்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், படைப்பை ஆக்கிய மனிதரையே படைப்பாளி என்கிறது. டெப்லட்டில் பேனை பிடித்து வரைபவருக்கு இதனால் சிக்கலில்லை, அவருக்கு அது இன்னொரு தூரிகை. கட்டளை கொடுத்துப் பெற்ற படத்தைப் புத்தக அட்டைக்கு விற்பவரின் நிலைதான் கேள்விக்குரியது. இங்கு பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஆகவே தகராறு வந்தால், தானே ஆக்கியதாகக் காட்ட வேண்டியிருக்கும். முதற் கோட்டுருவங்களையும் இடைநிலைக் கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.